எல்லை எழுதிக்கொடுத்த சாத்தையனார்

வயலும் வாய்க்காலும் சூழ்ந்த திருக்குமிழூரில், குமிழவனநாதர் கோயில் மதிலுக்கு வெளியே குடிசை போட்டு வாழ்ந்தவர் சாத்தையனார். கல்லிடுக்குகளில் முளைக்கும் ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் வேரோடு பிடுங்குவது அவருக்கு விதிக்கப்பட்ட பணி. விட்டால் வேர் ஓடிக் கோயிலே பிளந்துவிடும். அப்படியும் அந்த வேலைக்கு மதிப்பு ஏது? பூத்தொடுப்பவருக்கு ஒரு பிடி பிரசாதம் தவறாமல் கிடைக்கும். சாத்தையனாருக்கு நினைவு வந்தால் கிடைக்கும். ஒவ்வொரு கன்றைப் பிடுங்கும்போதும் இறைவன் பெயரைச் சொல்லிக்கொள்வார். அதுவே அவருடைய பூசை.

மதில் முழுதும் எழுத்துகள். கோயில் சுவரில் வேறென்ன இருக்கும், எல்லாம் அவன் புகழாகத்தான் இருக்கும் என்று நம்பினார். படிக்க ஆசை வந்தது. பள்ளிக்கூடத்தில் அவரை யார் சேர்ப்பார்கள்? அதனால் எழுத்தைப் பிச்சையாகக் கேட்டார். வருவோர் போவோரை வணங்கி, ஓர் எழுத்தின் மேல் விரலை வைத்து, “இது என்னங்க சாமி?” என்பார். சிலர் சொன்னார்கள். சிலர் வேண்டுமென்றே மாற்றிச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். பலரிடம் கேட்டுக் கேட்டுச் சரி எது, பொய் எது என்று தானே பிரித்தெடுத்தார். தலை நரைக்கத் தொடங்கியபோது சுவர் அவரிடம் பேசியது.

‘கிழக்கு எல்லை வாய்க்கால், மேற்கு எல்லை புளியமரம்’ என்று அது பேசியது. சாத்தையனாருக்குக் கண்ணீர் பெருகியது. எம்பெருமான் வாய்க்கால் முதல் புளியமரம் வரை பரந்து கிடக்கிறானே, இதைக் கண்டு பாடியவர் எத்தனை பெரியவர் என்று உருகினார். வேர் பிடுங்கும்போதெல்லாம் அதையே பாடினார். பிறகு தானும் அதே நடையில் ஒரு பாட்டுக் கட்டத் தொடங்கினார். ஒரு சொல் பிடிபடாவிட்டால் சோறு இறங்காது.

ஆதிரை நாளில் மண்டபத்தில் யார் வேண்டுமானாலும் பாடல் சாத்தலாம் என்பது அவ்வூர் வழக்கம். தலைமைப் புலவர் கச்சிவாணர் ஏற்றுக்கொண்டால் அப்பாடல் சந்நிதியில் பாடப்படும். சாத்தையனார் குளித்து, நீறு பூசி, மண்டபத்தின் ஓரமாக நின்று பாடினார். நான்கு எல்லையும் சொல்லி முடிப்பதற்குள் சபை குலுங்கிச் சிரித்தது.

“இதென்னப்பா, நெலம் கிரயம் பண்ண வந்தியா?” என்றார் கச்சிவாணர்.

“சாமி, செவுத்துல இருக்குற பாட்டு மாதிரியே கட்டுனேனுங்க.”

“செவுத்துல பாட்டு ஏது? யாரு எந்த வயலக் கோயிலுக்குக் குடுத்தாங்கன்னு வெட்டி வச்சிருக்கு. அதையா இத்தன நாளும் பாடிக்கிட்டிருந்த?”

கச்சிவாணர் பொல்லாதவர் அல்லர், உள்ளதைத்தான் சொன்னார். உள்ளதைச் சொல்வதுதான் சில நேரம் உயிரை எடுக்கிறது. சாத்தையனார் இறங்கிப் போனார். “எங்க கொல்லைக்கும் ஒரு பாட்டு கட்டேன் சாத்தையா” என்று கடைத்தெரு கேலி செய்தது.

மறுநாள் சுவர் முன் நின்று மீண்டும் படித்தார். வாய்க்கால் வெறும் வாய்க்காலாக இருந்தது. புளியமரமும் வெறும் மரமே. இத்தனை காலம் அழுத அழுகை யாரிடம் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வி அவரை அரித்தது. தன் அன்பு அவனை எட்டவே இல்லையோ என்று மருகினார். படிப்பதை விட்டார், பாட்டை மறக்கப் பார்த்தார். வேர் பிடுங்குவதை மட்டும் விடவில்லை, இறைவன் பெயரையும் விடவில்லை. பெயரைச் சொல்லும் குரல்தான் உடைந்து கிடந்தது. உடம்பு துரும்பாய் இளைத்தது.

மனைவி நாச்சியார் எழுத்தறியாதவர். கஞ்சியை முன்னால் வைத்துவிட்டு அவர் கேட்டார்: “பாட்டு இல்லன்னா அப்ப அது என்னதாங்க?”

“குடுத்த சங்கதி. இன்னார் இன்ன நெலத்தைச் சாமிக்குக் குடுத்தாங்கன்னு.”

“சோறு போடுற நெலத்தத் தூக்கிக் குடுத்துருக்காங்க. அதப் படிச்சா அழுவ வராதா? நீங்க அழுததுல என்ன தப்பு?”

சாத்தையனார் தம் காய்த்துப்போன கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நம்மகிட்ட குடுக்க என்ன இருக்கு நாச்சி?” என்றார் பின்னர்.

“அத நீங்கதான் பாக்கணும். மொதல்ல கஞ்சியக் குடிங்க.”

தேர்த்திருவிழா வந்தது. சுவாமி வீதியுலா வரும் வழியில், கூட்டத்துக்கு ஒதுங்கி, வெற்றுத் தரையில் தனியே நின்றார் சாத்தையனார். யாரும் கேட்பதற்காக அல்ல, தமக்குத் தெரிந்த ஒரே நடையில் மெல்லச் சொன்னார்: “குமிழவனத்து ஈசனுக்குச் சாத்தையன் கொடுத்தது. மேல் எல்லை என் உச்சந்தலை. கீழ் எல்லை என் உள்ளங்கால். இரு பக்க எல்லை, வேர் பிடுங்கிக் காய்த்துப்போன இரண்டு கைகள். இதற்கு உள்ளிருக்கும் பசியும் அழுகையும் அறியாமையும், ஒன்றும் எனக்கென்று வைக்காமல் கொடுத்தேன். சூரியனும் சந்திரனும் உள்ளவரை இது உன்னுடையது.”

முன்னே சென்ற கோயில் பிடியானை நின்றது. பாகன் அதட்டியும் அங்குசத்தால் குத்தியும் கேளாமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. துதிக்கையைப் புழுதியில் இழுத்துக் கோடு கிழித்தபடி, சாத்தையனாரை ஒருமுறை மெதுவாகச் சுற்றி வந்து மண்டியிட்டது.

ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கோயில் கணக்கர்தான் சொன்னார்: “சாமிக்கு நெலம் குடுத்தா பிடியானைய எல்லை நடக்க விடுவாங்க. அது சுத்தி வந்துட்டா, அப்புறம் அது கோயில் நெலம். மனுசனச் சுத்தி நடந்து நான் பாத்ததில்ல.”

மேளம் ஓய்ந்தது. கச்சிவாணர் கூட்டத்திலிருந்து வந்து, புழுதியில் கிடந்த கோட்டுக்கு வெளியே தம் செருப்பைக் கழற்றினார். அதைத் தாண்டக் கால் எழாமல் அங்கேயே விழுந்து வணங்கினார். உள்ளே சாத்தையனார் நின்று அழுதுகொண்டிருந்தார். அந்த அழுகை யாரைச் சேர்கிறது என்பதை இப்போது அவர் அறிந்திருந்தார்.

கற்பிப்பார் இன்றிக் கற்று, கற்றது இன்னதென்று அறியாமலே அதற்காக அழுத அந்தப் பெரியவரின் அன்பில், நம் நெஞ்சுக்கும் ஒரு சாண் இடம் கிடைப்பதாக.