உப்புக்கறை இழையில் கடைசிப் பதில்

ஜெரினாவுக்குக் குரு என்று பெயர் வைத்தது தமயந்திதான். அதுவும் மரியாதைக்கு இல்லை, கிண்டலுக்கு. நேராக ஒரு கேள்வி கேட்டால் நேராக ஒரு பதில் சொல்லத் தெரியாத பெண்ணை வேறு என்னவென்று கூப்பிடுவது?

குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சிஷ்யைக்கு ஐம்பத்திரண்டு.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஜெரினா இணையத்தில் ஒரு மன்றம் தொடங்கினாள். குழாய் ஒழுகினால், மிக்ஸி புகைந்தால், பட்டுப்புடவையில் எண்ணெய் கொட்டினால் பெண்கள் அங்கே வந்து கேட்பார்கள். தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். ஒரு கேள்வியும் அதன் கீழே வருகிற பதில்களும் சேர்ந்தது ஓர் இழை.

அங்கே வந்தவர்களில் முக்கால்வாசிப் பேரைத் தமயந்தி திட்டியிருந்தாள். கேள்வியை ஒழுங்காகக் கேட்கத் தெரியாதவர்களை, பதிலைப் படிக்காமலே பதில் எழுதுகிறவர்களை, வாக்கியத்துக்கு ஆறு பூப்படம் ஒட்டுகிறவர்களை. அதைப் பார்த்துத்தான் ஜெரினா அவளை மட்டுறுத்துநர் ஆக்கினாள். குப்பையைத் தள்ளிச் சண்டையை விலக்கிவிடுகிற வேலை. சம்பளம் கிடையாது. திட்டுவதற்கு அனுமதி மட்டும் உண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குரோம்பேட்டையிலிருந்து பல்லாவரத்துக்கு வந்து தமயந்தி ஜெரினா வீட்டு மணியை அழுத்தினாள். ஜெரினா கூடத்தில் முருங்கைக்கீரையைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கு எனக்கு ஒரு பதில் வேணும். கதை வேண்டாம்."

"உக்காருங்கக்கா."

"உக்காரவெல்லாம் நேரமில்லை. பழைய இழையெல்லாம் பூட்டணும். ரெண்டு வருஷம் தாண்டினா பூட்டு. யார் வேணா படிச்சுக்கட்டும், புதுசா ஒருத்தரும் பதில் எழுதக்கூடாது. பெரிய பெரிய மன்றத்துல அப்படித்தான் வச்சிருக்காங்க."

"ஏங்க்கா?"

"ஏனா? பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால ஒருத்தி, கிரைண்டர் ரெண்டு லிட்டர் வாங்கவா மூணு லிட்டர் வாங்கவான்னு கேட்டிருக்கா. நேத்து ஒரு மகராசி வந்து 'வாங்கிட்டீங்களா சிஸ்டர்'ங்கறா. அந்த கிரைண்டரை வாங்கி, கல்லு தேஞ்சு, பழைய இரும்புக்குப் போட்டே அஞ்சு வருஷம் ஆயிருக்கும்."

ஜெரினா சிரித்தாள்.

"சிரி. உனக்கென்ன. ஒரு பதில் வந்தா அந்த இழை எழுந்து மேல வந்து உக்காந்துக்குது. இன்னைக்குக் கேட்டதெல்லாம் கீழ போயிடுது. புதுசாக் குடிவந்த பொண்ணு ஒருத்தி, சிங்க்ல தண்ணி எதிர்த்துக்கிட்டு வருதுன்னு காலையில அழாத குறையா எழுதியிருக்கா. கிரைண்டர்காரிங்க கூட்டத்துல அது நாலாம் பக்கத்துக்குப் போயிடுச்சு. நான் பாக்கறப்போ சாயங்காலம். அவ வீடெல்லாம் சாக்கடை."

"பாவமே."

"பாவம்னா போதுமா? நானும் எவ்வளவுதான் கீழ தள்ளறது?"

கீழே தள்ளுவதற்கென்று மட்டுறுத்துநர்களுக்கு ஒரு பொத்தான் இருந்தது. பழைய இழை ஏதாவது மேலே வந்தால் தமயந்தி அதன் தேதியைப் பார்ப்பாள். பொத்தானை அழுத்துவாள். வடாகத்தில் உட்காரும் காக்காயை விரட்டுகிற மாதிரி. எந்தக் காக்காய் என்று யார் பார்க்கிறார்கள்?

ஜெரினா கொஞ்ச நேரம் கீரையை உருவினாள்.

"சரிக்கா. பூட்டிடுங்க."

சண்டைக்கென்று நாலு பாயிண்ட் தயார் செய்துகொண்டு வந்திருந்த தமயந்திக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"சரியா?"

"சரிதான். மொத்தமாப் பூட்டறதுக்கு ஒரு பட்டன் இருக்கு. அது மட்டும் வேண்டாம். ஒவ்வொண்ணா பூட்டுங்க. கடைசிப் பதில் வரைக்கும் படிச்சுட்டுப் பூட்டுங்க."

"எத்தனை ஆயிரம் இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். எங்க வரைக்கும் முடியுதோ அங்க வரைக்கும் பாருங்க."

"ஏன், படிக்காமப் பூட்டினா பூட்டு விழாதா?"

ஜெரினா கீரைக்கட்டில் பாதியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். தமயந்தி அதை முறைத்தாள். பிறகு உட்கார்ந்து உருவவும் செய்தாள். சும்மா நிற்க அவளுக்கு வராது.

புதன்கிழமை தொடங்கினாள். சமையலை ஒன்பதரைக்குள் ஏறக்கட்டிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

குக்கர் விசில் வரவில்லை என்ற கேள்விக்கு எண்பத்தேழு பதில். கடைசிப் பதில்: எனக்கும். எதற்கு எனக்கும்? ரேஷன் வரிசையா இது? பூட்டு.

கொசுவலை தைப்பது எப்படி? பூட்டு.

சப்பாத்திக்கல்லில் துரு. நடுவில் இரண்டு பேர் மாமியார்களைப் பற்றிப் பேச ஆரம்பித்து, துரு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாமல் முடிந்திருந்தது. முழுக்கப் படித்தாள். நன்றாகத்தான் இருந்தது. பூட்டு.

ஆறாவது நாள் அந்த இழை வந்தது. பாத்ரூம் டைல்ஸில் உப்புக்கறை, என்ன செய்தாலும் போகவில்லை.

கேள்விக்கு நேர் கீழே, முதல் பதில் அவளுடையது.

அந்த மன்றத்தில் எந்தப் பதிலுக்கு நன்றி அதிகமோ அதுதான் முதலில் நிற்கும்; மற்றவை வந்த வரிசையில். தமயந்தியின் பதிலுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு நன்றி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்து ஊற்றித் தேய்க்கச் சொல்லியிருந்தாள். "கொஞ்சம் நெடி அடிக்கும். மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள், செத்துப்போக மாட்டீர்கள். டைல்ஸில் முகம் பார்க்கலாம்."

தன் எழுத்தைப் பார்த்துத் தமயந்தி முதலில் சிரித்தாள். அப்போதே என்ன வாய்.

பிறகு படித்துக்கொண்டே போனாள். மூன்றாம் பக்கத்தில், சூப்பர் அக்கா. ஐந்தாம் பக்கத்தில், கண் எரிகிறது, இருமல் நிற்கவில்லை, பரவாயில்லையா? அதற்கு வேறு யாரோ எழுதியிருந்தார்கள்: எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம், அந்த அக்காவே நெடி அடிக்கும் என்று சொல்லியிருக்கிறார்களே.

ஒன்பதாம் பக்கத்தில் கடைசிப் பதில். தென்காசியிலிருந்து செண்பகம் என்று ஒருத்தி, மூன்று வாரத்துக்கு முன்னால்.

"என் மகள் முதல் பதிலைப் பார்த்து இதைச் செய்தாள். பாத்ரூமிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். இரண்டையும் கலந்தால் விஷவாயு வரும் என்று டாக்டர் சொன்னார். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள், ஆனால் மாடிப்படி ஏறினால் இரைக்கிறது. இதை எழுதிய அக்கா இன்னும் இங்கே இருக்கிறார்களா? சண்டைக்கு இல்லை. நான் ஒன்பதாம் பக்கத்தில் எழுதினால் யார் பார்ப்பார்கள்? நீங்களே வேண்டாம் என்று சொன்னால் கேட்பார்கள்."

அதற்குக் கீழே, மட்டுறுத்துநர்கள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. கீழே தள்ளியவர்: தமயந்தி. செண்பகம் எழுதி நான்கு நிமிஷம் கழித்து.

தமயந்தியின் விரல் பழக்கத்தில் போய்ப் பூட்டை அழுத்தியது.

அடுப்பில் சுடவைத்திருந்த ரசம் பொங்கி வழிகிற வாசனை வந்தது. எழுந்து அணைத்தாள். உடுத்தியிருந்த புடவையோடு ஆட்டோ பிடித்தாள்.

ஜெரினா ஒன்பது பக்கத்தையும் படித்துமுடிக்கிறவரை தமயந்தி நின்றுகொண்டே இருந்தாள்.

"உனக்குத் தெரியுமா இது?"

"தெரிஞ்சிருந்தா உங்களை ஆறு நாள் படிக்க விட்டிருப்பேனாக்கா?"

"அதை எழுதினப்போ நாங்க மாம்பலத்துல இருந்தோம். கொல்லைப்பக்கத்து பாத்ரூம். பாதிக்குத்தான் கூரை, மீதி வானம். எனக்கு ஒண்ணும் ஆகலை. செஞ்சு பார்க்காததை நான் எழுதலை, ஜெரினா."

"எனக்குத் தெரியும்."

"பிளாட்டுல கதவைச் சாத்தினா பல்லிகூட மூச்சு விட முடியாது. அதை அன்னைக்கு நான் எங்க கண்டேன்?"

ஜெரினா திரையை அவள் பக்கம் திருப்பினாள். இழையின் ஓரத்தில் ஓர் எண் இருந்தது. மூன்று.

"என்ன அது?"

"இப்போ இதைப் படிச்சிட்டிருக்கறவங்க."

"அதான் பூட்டியாச்சே."

"படிச்சுக்கட்டும்னு நீங்கதானேக்கா சொன்னீங்க."

தமயந்தி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அழிச்சுடு. முதல்ல அதை அழிச்சுடு."

ஜெரினா இரண்டு தட்டுத் தட்டினாள். பதினோரு வருஷமாக முதலில் நின்ற பதில் இல்லாமல் போனது.

"முடிஞ்சுதா?" என்றாள் தமயந்தி.

"இந்த மூணு பேருக்கு முடிஞ்சுது. நன்றி சொன்ன அறுநூத்திப் பன்னெண்டு பேர்?"

"அவங்க எங்க இருக்காங்களோ. எழுதி வச்சிருப்பாங்க. வேலைக்கு வர்ற பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்திருப்பாங்க." சொல்லச் சொல்லத் தமயந்தியின் குரல் இறங்கிக்கொண்டே போனது. "புதுசா ஒரு இழை ஆரம்பிச்சுச் சொல்லிடலாமா?"

"சொல்லலாம். இன்னைக்கு மன்றத்துக்கு வர்றவங்க பார்ப்பாங்க. ஆனா நன்றி சொன்ன அத்தனை பேர் போனுக்கும் தகவல் போகணும்னா, மட்டுறுத்துநர் பதில் ஒண்ணு இந்த இழையிலதான் விழணும்."

"இதைத்தான் பூட்டிட்டேனே."

"சாவி உங்ககிட்டதானேக்கா இருக்கு."

தமயந்தி பூட்டைத் திறந்தாள்.

"நீ எழுதேன், ஜெரினா. நீதானே நடத்தற. உனக்குப் பக்குவமா எழுத வரும்."

"செண்பகம் கூப்பிட்டது என்னை இல்லையே."

தமயந்தி தட்ட ஆரம்பித்தாள். மாம்பலத்து வீடு, பாதிக் கூரை, பதினோரு வருஷம் என்று எட்டு வரி போனது. படித்துப் பார்த்தாள். எட்டையும் அழித்தாள். மறுபடி எழுதினாள்.

"நான் தமயந்தி. இங்கேதான் இருக்கிறேன். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலக்கச் சொன்னது நான்தான். அது தப்பு. கலக்காதீர்கள். யாருக்காவது சொல்லிக் கொடுத்திருந்தால் இன்றைக்கே கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். செண்பகம், மூன்று வாரம் முன்பு நீங்கள் எழுதியதைப் படிக்காமல் கீழே தள்ளியதும் நான்தான். உங்கள் மகளை நான் வந்து பார்க்கலாமா?"

அனுப்புகிற பொத்தானின் மேல் அவள் விரல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"பதினோரு வருஷம் கழிச்சு, அறுநூத்திப் பன்னெண்டு பேர் வீட்டுலயும் போன் அடிக்கும்" என்றாள். "ஒருத்தி விடாமத் திட்டுவா. இதுவரைக்கும் நான் திட்டினதுக்கெல்லாம் சேர்த்து வச்சுத் திட்டுவா."

"திட்டட்டும்க்கா" என்றாள் ஜெரினா. "திட்டறதுக்கு மூச்சு வேணுமே."