மாரப்பன் தேய்த்த டேங்க்

மாரப்பன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதிப் பாதியையும் நம்பாமல் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். கிருஷ்ணகிரி பக்கத்து அந்த மாங்கூழ் ஃபேக்டரியில் இது எல்லோருக்கும் தெரியும். டிரம்முக்குப் பை மாட்டுகிற கோவிந்தம்மாளுக்கு இன்னும் நன்றாகவே தெரியும், பதினோரு சீசனாகக் கேட்டவள். ஆனால் அன்று காலை அவளுக்கு எதையும் கேட்கிற பொறுமை இல்லை. கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்கிற டிராக்டர்களில் நாலாவது, அவள் வீட்டுக்காரர் ஓட்டி வந்தது. அவர்கள் தோட்டத்து பெங்களூரா மாம்பழம் மொத்தமும் அதில் இருந்தது. நேற்றே பழுத்துவிட்ட பழம். மத்தியானம் தாண்டினால் கசிய ஆரம்பிக்கும், கசிந்த பழத்தைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மெஷின் ஓடினால்தான் வண்டி நகரும். கூழ் கொட்டுகிற குழாயின் வாய் சுத்தம் என்று நசீமா சொன்னால்தான் மெஷின் ஓடும். நசீமா தரம் பார்க்கிற பெண். ஒரு குச்சியால் குழாய் வாயைத் துடைத்து, மருந்தில் முக்கி, கையடக்க மீட்டருக்குள் வைப்பாள். பழத் துணுக்கோ கை அழுக்கோ கிருமியோ ஒட்டியிருந்தால் மருந்து மினுங்கும். அந்த மினுங்கலை மீட்டர் பதினைந்தே செகண்டில் நம்பராக்கிச் சொல்லிவிடும். பத்துக்குள் வந்தால் ஓட்டலாம், முப்பது வரை இன்னொரு குச்சி போட்டுப் பார்க்கலாம். முப்பதைத் தாண்டினால் காஸ்டிக் சோடாத் தண்ணீர், ஆசிட், வெந்நீர் என்று முதலிலிருந்து கழுவ வேண்டும், இரண்டு மணி நேரம்.

மீட்டருக்கு அவசரம்தான். குச்சிக்குத்தான் அவசரமில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் பத்து நிமிஷம் குளிர் விட வேண்டும். அந்தப் பத்து நிமிஷம் மாரப்பனுக்குத் தாராளம். கழுவுகிற ஆட்களுக்கு மேஸ்திரி அவர். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு குழாயின் பக்கத்தில் சாய்ந்து நின்றார்.

"பத்துக்குள்ள வருமான்னு பயப்படறீங்களா? சித்தூர்ல நான் கழுவுன டேங்க்ல வந்தது சைபர். ஆபீசர் குச்சிய மாத்தினாரு, சைபர். பேட்டரிய மாத்தினாரு, சைபர். கடைசில ஆபீசரையே மாத்தினாங்க. புது ஆபீசருக்கும் சைபர்தான்."

"மாஸ்க், மாரண்ணா," என்றாள் நசீமா, கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"போடறேன் மேடம்." போடவில்லை.

மெஷின் ஓட்டுகிற முனிராஜுக்கு வாய் சும்மா இருக்காது. "சைபரோட நின்னுடுச்சாண்ணா? கீழ போகலையா?"

"போகாம இருக்குமா? அடுத்த சீசன் மைனஸ் நாப்பது. அப்ப ஏழு டேங்கு. எனக்கு முட்டி வலி, ஒண்ணத்தான் தேய்க்க முடிஞ்சுது. மீதி ஆறுக்கும் அந்த மைனஸ் நாப்பதுலருந்து ஆளுக்குக் கொஞ்சம் பிரிச்சுக் குடுத்தோம். ஏழும் பாஸ்."

வெளியே ஹாரன் கேட்டது. தன் வீட்டுக்காரர்தான் அடிக்கிறார் என்று கோவிந்தம்மாளுக்குத் தெரிந்தது. "ஏம்மா, குச்சி இன்னுமா சூடாகல?" என்றாள்.

"நாலு நிமிஷம்க்கா."

"நாலு நிமிஷத்துல ஈ கதைய முடிச்சிடலாம்," என்றார் மாரப்பன். "அந்த டேங்க்ல ஒரு ஈ வந்து உக்காந்துச்சு. எவர்சில்வர்ல அதுக்கு அது மூஞ்சியே தெரிஞ்சுது. பாத்ததும் வெக்கமாப் போச்சு. நேரா கை கழுவற இடத்துக்குப் பறந்து போய், செவுத்துல எழுதியிருக்கிற மாதிரியே ஆறு காலையும் இருவது இருவது செகண்டு தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் திரும்பி வந்துச்சு."

"சோப்பு போட்டுச்சா?" என்றான் முனிராஜ்.

"சோப்பு தீந்து போயிருந்துச்சு. அதுக்கு ஸ்டோர்ல போய் கம்ப்ளெயிண்ட் பண்ணுச்சு. நெசமா."

கோவிந்தம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே பழம் காய்கிறது, நாம் இங்கே சிரித்துக்கொண்டிருக்கிறோமே என்று தன் மேலேயே கோபமும் வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மாரப்பனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"அதுக்கு மேலயும் தேய்ச்சேன் தங்கச்சி. தேய்க்கத் தேய்க்க டேங்க் மங்கிக்கிட்டே வந்து, ஒருநாள் கண்ணுக்கே தெரியாமப் போச்சு. உள்ள ஊத்தின கூழ் மட்டும் எட்டடி உசரத்துக்கு அந்தரத்துல நிக்குது. சுத்தி ஒண்ணுமில்ல. மேனேஜர் நேரா வந்து நெத்திய முட்டிக்கிட்டாரு. அப்புறம் செவப்புத் துணி கட்டி வெச்சோம், ஆளுங்க மோதாம இருக்க."

இந்த இடத்தில் கோவிந்தம்மாள் சும்மா இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை. "கூழை எறக்கிட்டா துணியையும் அவுத்திருப்பீங்க. அப்ப டேங்க் எங்க இருக்குதுன்னு எப்படிண்ணா கண்டுபிடிச்சீங்க?"

மாரப்பன் மாட்டிக்கொண்டார் என்று முனிராஜ் நினைத்தான்.

"ஊதித்தான்," என்றார் மாரப்பன். "கண்ணாடிய ஊதுவோமில்ல, அப்படி. ஊதினா ஆவி படியும், டேங்க் தெரியும். இதோ இப்படி."

குனிந்து, குழாயின் வாயில் முகத்தை வைத்து, நெஞ்சு நிறைய ஒரு ஊது ஊதினார். காலையில் தின்ற வெங்காய வடை வரைக்கும் அந்த ஊதில் வந்தது. எவர்சில்வர் வெள்ளையாக மங்கியது. பழக்க தோஷம், சட்டைக் கையாலேயே அதைத் துடைத்துப் பளபளப்பாக்கியும் விட்டார்.

நசீமா குச்சியை எடுக்கத் திரும்பியிருந்தாள். அவள் பார்க்கவில்லை. கோவிந்தம்மாளும் முனிராஜும் பார்த்தார்கள். சொல்லலாமா என்று இவள் வாயைத் திறப்பதற்குள் நசீமா வந்து, சரியாக அதே இடத்தைக் குச்சியால் உருட்டி உருட்டித் துடைத்து, மீட்டரில் வைத்து மூடினாள். அந்தப் பதினைந்து செகண்டும் கோவிந்தம்மாள் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு.

நசீமா மீட்டரைத் தட்டிப் பார்த்தாள். "குழாய் பளபளன்னு இருக்குது. இது எங்கேருந்து வந்துச்சு?"

"சித்தூர்லருந்து," என்றான் முனிராஜ்.

நசீமாவுக்குப் புரிய, மாரப்பனின் தாடையில் தொங்கிய மாஸ்க்கைப் பார்த்ததே போதுமாயிருந்தது. "முதல்லேருந்து கழுவணும்," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இரண்டு மணி நேரம். கோவிந்தம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கேள்வி கேட்டதும் நாம்தானே என்ற நினைப்புத்தான் அவளை இன்னும் வதைத்தது.

மாரப்பன் மீட்டரை எட்டிப் பார்த்தார். ஒரு நிமிஷம் முகம் செத்துப்போனது. பிறகு மெல்ல நெஞ்சு நிமிர்ந்தது.

"நாலாயிரத்து முந்நூறு. ஒரே ஊதுல. இந்த மீட்டர் வாங்கின நாள்லருந்து இந்த நம்பர எவனாச்சும் எடுத்திருக்கானா, சொல்லுங்க பாக்கலாம்."

கோவிந்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் மாஸ்க்கை மூக்கு வரை இழுத்துவிட்டு, பிரஷ்ஷை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"டிராக்டர்ல இருக்கிறது நெசமான பழம்ண்ணா. அழுகிடும். போய்க் கழுவுங்க."