மூன்று கிரிஸ்டல் மாற்றியவர்

இந்தக் கதையில் குருவுக்குத் தாடி கிடையாது. சீடருக்குத்தான் தாடி, அதுவும் பதினைந்து நாளாகச் சவரம் செய்யாததால் வந்தது. குரு பூரணிக்கு முப்பத்தாறு வயது. சீடர் குழந்தைவேலுவுக்கு ஐம்பத்தைந்து.

கோவை கணபதியில், ஒரு மாவு மில்லுக்கு மாடியில் பூரணியின் பட்டறை. நூல் சுற்றும் இயந்திரங்களுக்கு எலக்ட்ரானிக் போர்டு செய்கிற இடம். முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர் என்பதால் பூரணி எல்லோருக்கும் டீச்சர். டிவி ரிப்பேர் கடையை மூடிவிட்டு வந்த குழந்தைவேலு இரண்டு வருஷமாக அங்கே வேலை பழகுகிறார். வயதில் சின்னவரிடம் கைகட்டி நிற்பதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. தெரிந்தவர் தெரிந்தவர்தானே.

மூன்று நாளாக அவர் மேசையில் ஒரு போர்டு பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது.

அதில் ஒரு கிரிஸ்டல் உண்டு. நொடிக்கு லட்சக்கணக்கில் துடிக்கும். அந்தத் துடிப்பைக் கேட்டுத்தான் போர்டில் செருகிய எட்டு அட்டைகளும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். ஆனால் கிரிஸ்டலின் குரல் சன்னம். எட்டுப் பேருக்கு எட்டாது. அதனால் நடுவில் கிளாக் பஃபர் என்று ஒரு சிப் வைப்பார்கள். கும்மியில் ஒருத்தி மெல்லப் பாட்டெடுத்துக் கொடுக்க, பக்கத்தில் இருப்பவள் அதை எல்லோருக்கும் கேட்கும்படி திருப்பிப் பாடுவாளே, அந்த வேலைதான் அதற்கு. சொந்தமாக அதற்கு ஒரு துடிப்பும் கிடையாது.

"கிரிஸ்டல் செத்துருச்சுங்க டீச்சர்" என்றார் குழந்தைவேலு. "மூணாவதும் மாத்திப் பாத்துட்டேன். அதுவும் செத்ததுதான்."

"மூணுமா?"

"என்ர கைராசி அப்படிங்க. தொட்டதெல்லாம் சாகுது."

பூரணி போர்டைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தார்.

அப்போது குழந்தைவேலுவின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவருடைய போன் மேசைமேல் இருந்தது. பையில் இருந்தது மஞ்சள் உறை போட்ட இன்னொன்று. எடுத்துப் பார்த்து, சத்தத்தை அமுக்கி, திரும்பப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

"அது உங்க வீட்டு அக்காவோட போனு இல்லீங்களா?"

"ஆமாங்க."

"உங்க பையில என்னங்க பண்ணுது?"

குழந்தைவேலு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தெய்வானைக்கு ஈரல்ல புத்துநோயுங்க. ஆஸ்பத்திரில என்னை மட்டும் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. மூணு மாசம். அதுல அரை மாசம் போயிருச்சு."

"அக்காவுக்குத் தெரியுங்களா?"

"தெரியாதுங்க. புள்ளைக்கும் தெரியாது."

மகள் கோகிலா தாராபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். தினமும் அம்மாவைக் கூப்பிடுவாள். பேசவிட்டால் அம்மாவின் அசந்த குரலை வைத்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாள் என்று அவருக்குப் பயம். போன் ரிப்பேர் என்று சொல்லி மனைவி தெய்வானையிடமிருந்து வாங்கிக்கொண்டார். அம்மா தூங்குகிறாள் என்று மகளிடம் சொன்னார். ஒரு மனுஷி பதினைந்து நாளாகவா தூங்குவாள்?

"போன ஞாயித்துக்கெழமை பேத்திக்குக் காதுகுத்துங்க. வண்டி கெடைக்கலைன்னு பொய் சொல்லிட்டேன். தெய்வானை தோடு எடுத்து வெச்சிருந்தா. அத உள்ளங்கையில வெச்சுக்கிட்டே மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தா. பாக்க முடியாம நான் வெளிய போயிட்டேன்."

மேசைமேல் கிடந்த போர்டைப் பார்த்தபடி கேட்டார்.

"மூலமே நிக்கப் போகுதுன்னு தெரிஞ்சதுக்கப்புறம், நடுவுல இந்த பஃபரு எதுக்குங்க டீச்சர்? என்னத்துக்கு அது?"

பூரணி ஆறுதல் சொல்லவில்லை. துடிப்பைத் திரையில் அலையாகக் காட்டும் ஸ்கோப்பை இழுத்து அவர் பக்கம் வைத்து, அதன் முள்ளை அவர் கையில் கொடுத்தார்.

"கிரிஸ்டல்ல வைங்க."

"செத்ததுல வெச்சு என்னத்தைப் பாக்கறதுங்க?"

"செத்துருச்சுன்னு பாத்தீங்களா?"

"எட்டு அட்டையும் இருண்டு கெடக்குதுங்களே."

"அட்டையப் பாத்தீங்க. கிரிஸ்டலப் பாத்தீங்களா?"

அவர் பார்க்கவில்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். நேற்று வந்த ஆள்கூட முதலில் பார்க்கிற இடத்தைப் பார்க்காமலே மூன்று கிரிஸ்டலைப் பிடுங்கிப் போட்டிருந்தார். முள்ளை வைத்தார்.

திரையில் அலை ஓடியது. சீராக, ஒரு பிசிறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"பஃபருக்குள்ள போற கால்ல வைங்க."

அங்கேயும் ஓடியது.

"வெளிய வர்ற கால்ல?"

வெறும் கோடு.

பூரணி உருப்பெருக்கியை நகர்த்தி அந்தச் சிப்பின்மேல் நிறுத்தினார். குழந்தைவேலு குனிந்து பார்த்தார். பஃபரின் வாயைத் திறக்கவும் மூடவும் ஒரு கால் உண்டு. அந்தக் காலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி கிரவுண்டுக்கு, அதாவது கரண்ட் இல்லாத பக்கம், போயிருந்தது. அவரே பற்றவைத்தது. அழகாகத்தான் பற்றவைத்திருந்தார். அவர் இதுவரை கையாண்ட சிப்புகளில் அந்தக் காலைக் கிரவுண்டில் கட்டினால் வாய் திறக்கும். இந்தச் சிப்பில் மூடிக்கொள்ளும். கூட வந்த தாளில் அது தெளிவாகப் போட்டிருந்தது. பதினைந்து நாளாக அவர் எந்தத் தாளைப் படித்தார்?

"நான் கட்டுனதுதானுங்க."

"ஆமாங்க."

"அப்போ அந்த மூணு கிரிஸ்டலும்?"

"நல்லாத்தான் இருந்திருக்கும்."

குழந்தைவேலு சால்டரிங் அயர்னை எடுத்தார். பூரணி போர்டை அசையாமல் பிடித்துக்கொண்டார். குழந்தைவேலு கம்பியைக் கிரவுண்டிலிருந்து எடுத்து, கரண்ட் வரும் பக்கம் கட்டினார்.

எட்டு அட்டைகளிலும் சின்ன விளக்குகள் மினுங்கின. முன்னே பின்னே இல்லாமல் எட்டும் ஒன்றாக மினுங்கின.

அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

பையில் மறுபடியும் போன் அதிர்ந்தது. எடுத்து போர்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கோகிலா. காலையிலிருந்து பதினொரு முறை கூப்பிட்டிருந்தாள். அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது.

"எந்தக் குரல்லங்க டீச்சர் நான் அவகிட்டப் பேசறது?"

"நீங்க எதுக்குங்கண்ணா பேசறீங்க? போனு அக்காவோடது."

குழந்தைவேலு மஞ்சள் உறையைத் தடவினார். கீழே மாவு மில் ஓடுகிற சத்தத்தில் மேசை லேசாக அதிர்ந்தது. விளக்குகள் மினுங்கிக்கொண்டே இருந்தன.

"இது எத்தனை நாளைக்குங்க எரியும்?"

"கிரிஸ்டல் நிக்கிற அன்னிக்கு எட்டும் நின்னுருமுங்க. அதுக்கு என்கிட்ட மருந்து இல்லீங்கண்ணா."

பூரணி ஸ்கோப்பை அணைத்தார்.

"ஆனா, இந்த மூணு நாளா நின்னு கெடந்தது கிரிஸ்டலால இல்லீங்களே."