சங்கிலிக்குண்டை நிறுத்துவது

காரி கையை நிறுத்தினான். குண்டு நிற்கவில்லை. அவன் மச்சான் ஆச்சனின் இடத்தோள் நொறுங்கியது.

போரில் அல்ல. பயிற்சியில்.

காரி இருபது வருடம் கதாயுதம் பிடித்தவன். முள் வைத்த இரும்புத் தலை, கருங்காலிப் பிடி. கை போகிற இடத்துக்குப் போகும். கை நின்றால் நிற்கும். நாயைவிட நன்றியுள்ளது.

அந்த வருடம் கோட்டைக்குப் புதிதாக ஒன்று வந்தது. அதே பிடி. அதே முள் தலை. நடுவில் மட்டும் ஒரு முழச் சங்கிலி. குதிரை விற்க வந்தவன் ஒருவன் சுழற்றிக் காட்டினான். படைத்தலைவருக்குப் பிடித்துப்போயிற்று. கொல்லனிடம் சொல்லி முப்பது அடிக்கவைத்தார்.

பழக்கிக் கொடுக்க ஆசான் சேந்தன் ஒரு வருடம் கேட்டார். படைத்தலைவர் ஒரு வாரம் கொடுத்தார்.

வீரர்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தார்கள். எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.

ஏழாம் நாள், ஆச்சன் கைதவறிய கேடயத்தை எடுக்கக் குனிந்து வரிசைக்குள் வந்துவிட்டான். காரி பார்த்தான். நேரத்தோடுதான் பார்த்தான். கையைச் சட்டென்று நிறுத்தினான். இருபது வருடப் பழக்கம்.

பழைய கதாயுதமாக இருந்திருந்தால் ஆச்சனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ஆச்சன் காரியின் தங்கை நாச்சியின் புருஷன். அவனைக் கட்டிலில் வைத்து ஊருக்குத் தூக்கிப் போனார்கள். காரி கூடப் போகவில்லை.



கோட்டையில் ஒரு வழக்கம் உண்டு. தன் ஆளை அடித்தவன், ஆயுதத்தைத் தலைகீழாக ஆசான் வாசலில் நட்டுவிட்டு நிற்க வேண்டும். ஆசான் எடுத்துக் கொடுத்தால்தான் மறுபடி தொடலாம்.

காரி இரண்டு மாதம் கழித்து வந்தான். நட்டான்.

குண்டு மண்ணில் உட்கார்ந்தது. பிடி சரிந்தது.

நிமிர்த்தினான். சரிந்தது. கல்லை முட்டுக்கொடுத்தான். சரிந்தது.

ஆசான் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். காரியைவிடப் பத்து வயது இளையவர், ஒல்லி. வயது கிடக்கட்டும். ஆசான் ஆசான்தான்.

"அது நிற்காது," என்றார்.

காரி அதைக் கிடந்தபடியே விட்டான்.

"ஆசானே, என் வலக்கையை எடுத்துவிடுங்கள்."

"எந்த இடத்தில்?"

"மணிக்கட்டில்."

"அவனுக்குத் தோள் அல்லவா போயிற்று?"

காரி யோசித்தான்.

"சரி. தோளில்."

"வெட்டுவது பெரிய வேலையில்லை. யார் கட்டுப்போடுவது?"

"அதை யோசிக்கவில்லை."

"யோசித்துவிட்டு வா."



மறுநாள் வந்தான்.

"நாவிதர் அம்பலத்தாரைக் கேட்டேன். கட்டுகிறேன் என்றார். கைராசிக்காரர். ஆச்சனுக்கும் அவர்தான் கட்டுகிறார்."

"ஆச்சனுக்கு எப்படி இருக்கிறதாம்?"

காரி தரையைப் பார்த்தான்.

"கேட்கவில்லை."

"கேட்டுவிட்டு வா."



அதற்கு மறுநாளும் வந்தான்.

"எலும்பு கூடிவிட்டதாம். விரல் மடங்குகிறதாம். தோள் மட்டும் இனி ஏறாதாம்."

"யார் சொன்னது?"

"அம்பலத்தார்."

"ஆச்சன் என்ன சொன்னான்?"

"நான் போகவில்லை, ஆசானே. எந்த முகத்தோடு போவது? அதற்குத்தான் கையை வெட்டச் சொல்கிறேன். வெட்டிக்கொண்டால் போகலாம்."

ஆசான் ஒரு சட்டியில் கூழும் இரண்டு வெங்காயமும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். காரி இடக்கையால் எடுத்துக் குடித்தான்.

"வலக்கைக்கு என்ன?"

"இரண்டு மாதமாக அந்தக் கையால் சாப்பிடுவதில்லை."

ஆசான் எதிரிலேயே உட்கார்ந்தார். சட்டி காலியாகும்வரை இருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய் இன்னொரு சங்கிலிக்குண்டை எடுத்துவந்தார். முள் குண்டைக் கழற்றினார். சங்கிலி நுனியில் புளியங்கொட்டை நிரப்பிய சாக்குப் பையைக் கட்டினார்.

"சுழற்று. நான் சொல்லும்போது நிறுத்து."

"தொடமாட்டேன்."

"வெட்டப்போகிற கைதானே? கடைசி வேலை என்று நினைத்துக்கொள்."

காரி எடுத்தான். சுழற்றினான்.

"நிறுத்து."

கை நின்றது. பை சுற்றி வந்து காரியின் காதில் அடித்தது.

"மறுபடி. ம், நிறுத்து."

முழங்காலில் அடித்தது.

"நிறுத்து."

முதுகில்.

பன்னிரண்டாவது தடவை மூக்கில் ரத்தம் வந்தது. காரி அதைக் கீழே எறிந்தான்.

"இதை எந்தக் கொம்பனாலும் நிறுத்த முடியாது. நீங்கள் நிறுத்திக் காட்டுங்கள் பார்ப்போம்."

சொன்னபிறகுதான் யாரிடம் பேசுகிறோம் என்று உறைத்தது. ஆசான் கோபப்படவில்லை. வாசலில் கிடந்த காரியின் ஆயுதத்தையே எடுத்தார். முள் குண்டோடு.

"ஒரு பானை கொண்டுவா. தண்ணீரோடு. எனக்கு முன்னால் எங்கே வேண்டுமானாலும் வை. எப்போது வேண்டுமானாலும் சொல்."

காரி பானையை வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். ஆசான் சுழற்றினார். சங்கிலி காற்றில் சீறியது. குண்டு பானையை நோக்கி இறங்குகிற அந்த நேரத்தில் காரி கத்தினான்.

"நிறுத்துங்கள்!"

ஆசான் நிறுத்தவில்லை.

கை குண்டுக்கு முன்னால் ஓடியது. கால் கைக்குப் பின்னால் போனது. இரண்டு எட்டு, மூன்று எட்டு. குண்டு பானையின் வாய்க்கு மேலே ஒரு விரல் உயரத்தில் போயிற்று. ஒரு வட்டம் வந்தது. இன்னொரு வட்டம், சின்னதாக. அப்புறம் களைத்த மாடுபோல மண்ணில் உட்கார்ந்தது.

பானைத் தண்ணீர் லேசாக ஆடியது. அவ்வளவுதான்.

"நிறுத்தவில்லையே நீங்கள்," என்றான் காரி.

"நிறுத்த முடியாது என்று நீதானே சொன்னாய்."

"ஆமாம்."

"குண்டு எங்கே?"

"உங்கள் காலடியில்."

"நான் எங்கே?"

"குண்டுக்குப் பக்கத்தில்."

"அன்றைக்குக் குண்டு எங்கே போயிற்று?"

காரி மூக்கு ரத்தத்தைத் துடைத்தான்.

"ஆச்சனிடம்."

"நீ?"

காரி மலைக்குக் கீழே ஊர் இருந்த பக்கம் பார்த்தான்.

ஆசான் ஆயுதத்தைப் பழைய இடத்திலேயே கிடத்தினார். காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வெளியே வரவில்லை.

காரி வெயில் சாயும்வரை நின்றான். பிறகு மலையிறங்கினான்.



ஊர் அரைக் காதம். அவன் போய்ச் சேர்ந்தபோது ஆச்சனின் கேழ்வரகுக் கொல்லையில் ஏற்றம் ஓடிக்கொண்டிருந்தது. மேலே மரத்தின்மேல் நடந்து மிதித்துக்கொண்டிருந்தவள் நாச்சி. கீழே கிணற்றோரம் சால் என்னும் இறைவாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தவன் ஆச்சன், ஒற்றைக் கையால். பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிப் போயிற்று.

கதிர் பால் பிடிக்கிற நேரம். கொல்லையின் கடைசி நான்கு பாத்தி காய்ந்து மடங்கியிருந்தது.

காரி வேலியோரம் நின்றான்.

ஆச்சன்தான் முதலில் பார்த்தான்.

"என்ன மச்சான், இன்னொரு தோளுக்கு வந்தாயா?"

காரியால் சிரிக்க முடியவில்லை. மேலே நாச்சி நின்றுவிட்டாள். ஏற்ற மரம் அப்படியே அந்தரத்தில் நின்றது.

"வழி தெரிந்ததா?" என்றாள்.

"தெரிந்தது."

"இத்தனை நாளாகத் தெரியவில்லையோ? உங்கள் ஆசானுக்குத் தெரிகிறது. செவ்வாய்க்குச் செவ்வாய் வருகிறார்."

"ஆசானா? எதற்கு?"

"எதற்கென்று தெரியாது. வாய் திறப்பதில்லை. வருவார், இருநூறு சால் இறைப்பார், போய்விடுவார். தண்ணீர் குடிக்கக்கூட நிற்பதில்லை."

"நான் ஒருநாள் கேட்டேன்," என்றான் ஆச்சன். "எதற்கு ஆசானே உங்களுக்கு இந்தத் தலையெழுத்து என்றேன். ஒரு வாரத்தில் அந்தக் குண்டை அவன் கையில் கொடுத்தவன் நான் என்றார். அதோடு சரி."

காரி வேலியைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான்," என்றான். "நான் கையை நிறுத்தினேன். சத்தியமாக நிறுத்தினேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். அப்புறம்தான் குண்டைப் பார்த்தேன்." ஆச்சன் சாலைக் கீழே வைத்தான். "அதைச் சொல்ல உன்னைத் தேடினேன். கட்டில்மேல் கிடந்தபடி தேடினேன். நீதான் இல்லை."

காரி தன் வலக்கையைப் பார்த்தான்.

"இந்தக் கையை வெட்டச் சொல்லி ஆசானிடம் கேட்டிருக்கிறேன்," என்றான் காரி. "தோளோடு."

ஆச்சன் சிரித்தான். சிரித்ததில் தோள் வலித்தது. வலியோடு சேர்த்துச் சிரித்தான்.

"வெட்டி? எனக்கு அதை வைத்து என்ன செய்ய? குழம்பா வைக்க முடியும்? நாச்சி, கேட்டாயா? உன் அண்ணன் கையை வெட்டிக்கொள்ளப் போகிறானாம்."

நாச்சி சிரிக்கவில்லை. ஏற்ற மரத்திலிருந்து இறங்கி வந்தாள். அண்ணன் முன்னால் நின்றாள். அவன் வலக்கையைப் பிடித்துத் தூக்கினாள். சந்தையில் மாட்டின் காலைப் பார்ப்பதுபோலத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கைக் காய்ப்பைப் பெருவிரலால் அழுத்தினாள்.

அவள் கண் நிரம்பியிருந்தது. குரல் கட்டையாகவே இருந்தது.

"வெட்டிக்கொள்ளட்டும். அறுப்பு முடியட்டும், அப்புறம் வெட்டிக்கொள்ளட்டும்."

கையை விட்டாள். கிணற்றோரம் கிடந்த சாலைக் காட்டினாள்.

காரி வேலியைத் தாண்டி உள்ளே போனான்.



கேழ்வரகு அறுத்து, அடித்து, குதிருக்குள் போயிற்று. மாசி பிறந்தது. காரி ஒருநாள் ஆசான் வாசலுக்கு வந்தான். ஆயுதம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. சங்கிலியில் துரு. குண்டைச் சுற்றிப் புல்.

ஆசான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவனுக்கும் ஒரு சட்டி வைத்தார். காரி உட்கார்ந்து வலக்கையால் எடுத்துக் குடித்தான்.

"கை இருக்கிறதே," என்றார் ஆசான்.

"இருக்கிறது."

"அரிவாள் தீட்டி வைத்திருக்கிறேன்."

"இப்போது தோதுப்படாது, ஆசானே. அறுப்பு முடியட்டும் என்றாள். முடிந்தது. கூரை மேயட்டும் என்றாள். மேய்ந்தாயிற்று. இப்போது கிணறு தூர் எடுக்க வேண்டுமாம்."

"அப்புறம்?"

"வேலி."

"அப்புறம்?"

"கேட்கவில்லை. கேட்டால் இன்னும் நாலு சொல்லுவாள்."

ஆசானின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

"ஆச்சன்?"

"ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு ஏற்றம் மிதிக்கப் பழகிவிட்டான். மேலே நின்றுகொண்டு என்னைத் திட்டுகிறான். சால் பிடிக்கத் தெரியவில்லையாம் எனக்கு."

"தெரியுமா?"

"தெரியாது."

ஆசான் கை கழுவினார். வாசலுக்குப் போய்க் குனிந்து ஆயுதத்தை எடுத்தார். புல்லை உதறினார். வழக்கப்படி இரண்டு கையாலும் பிடித்துக் காரிக்கு நேரே நீட்டினார்.

காரி எழுந்து நின்றான். கும்பிட்டான். கையை நீட்டவில்லை.

"கேட்டுக்கொண்டுதான் வாங்க வேண்டும், ஆசானே."

"படைத்தலைவரையா?"

"இல்லை."

"பின்னே யாரை?"

"நாச்சியை."