திரும்பி நடந்த எறும்பு

எல்லா உயிர்களும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், எறும்புகள் மட்டும் வரிசையில் சேர்ந்துவிட்டால் பேசக் கூடாது, திரும்பவும் கூடாது. முன்னே போகிறவளின் முதுகைப் பார்த்தே நடக்க வேண்டும். அது ராணியின் சட்டம். அப்படி நடந்துதான் பாம்பைக்கூடப் புற்றைவிட்டுத் துரத்தியிருந்தார்கள்.

ஒரு கோடையில் புற்றுக்கு எதிரே ஒரு பூதம் வந்து படுத்தது. உடம்பெல்லாம் ஓடு வேய்ந்தது போலச் செதில். அழுங்கு என்று பெயர். அதற்கு மந்திரமும் தெரியும் என்று பேசிக்கொண்டார்கள், ஏனென்றால் அதன்மேல் ஏவிய படை சண்டைச் சத்தமே இல்லாமல் மறைந்துபோனது. ஒரு பூதத்துக்கு எத்தனை வீரர்கள் சமம் என்று சபையில் வாதாடினார்கள். ஆயிரம் என்றாள் தளபதி. ஆயிரம் பேர் போனார்கள். அப்படியானால் ஐயாயிரம் என்றாள். போனவர்களில் ஒருத்தியாவது வந்து சொன்னால்தானே என்ன நடந்தது என்று தெரியும் என்று முணுமுணுத்தாள் பூவாத்தாள் என்ற இளம் எறும்பு. நம் வீரர்கள் திரும்பி வருகிறவர்கள் இல்லை என்று தளபதி பெருமையாகச் சொன்னாள்.

அந்த ஐயாயிரத்தில் பூவாத்தாளும் நடந்தாள். அவளுக்கு முன்னால் அவள் அக்கா நாச்சாத்தாள். புல் முடிந்த இடத்தில் ஒரு சாலை பளபளத்தது. இளஞ்சிவப்பு, நல்ல ஈரம். அக்கா ஏறினாள். பூவாத்தாள் ஒரு காலை வைத்தாள், ஒட்டியது. குனிந்து முகர்ந்தாள், உணர்கொம்பிலும் பசை. அடியில் சூடு தெரிந்தது.

அவள் அக்காவின் இடுப்பைக் கவ்வி இழுத்தாள்.

"விடுடி, எல்லாரும் பார்க்கிறாங்க," என்று கிசுகிசுத்தாள் அக்கா.

"சாலை மூச்சு விடுதுக்கா."

இருவரும் புல்லில் விழுந்தார்கள். சாலை சுருண்டு ஒரு குகைக்குள் போயிற்று. குகை சப்புக்கொட்டியது.

"படையாம் படை. பந்தி தானே நடந்து வாய்க்குள்ள வருது," என்று சிரித்தது அழுங்கு.

பூவாத்தாள் திரும்பினாள். வரிசைக்கு எதிராக நடந்தாள். பேசக் கூடாது என்பதையும் மறந்து பயந்தாங்கொள்ளி என்று ஏசினார்கள், ஒருத்தி உதைத்தாள். சொன்னால் யாரும் கேட்பதாயில்லை. அதனால் கொம்பில் ஒட்டியிருந்த எச்சிலை எதிரே வந்த ஒவ்வொருத்தி முகத்திலும் தடவிக்கொண்டே போனாள். முகர்ந்தவளுக்கெல்லாம் புரிந்தது. அது சாலை இல்லை, நாக்கு.

வரிசை கலைந்தது. ஆளுக்கொரு பக்கமாகப் புல்லுக்குள் புகுந்தார்கள். அழுங்கு நாக்கை நீட்டியது. எந்தப் பக்கம் நக்குவது என்று அதற்குத் தெரியவில்லை. வயிற்றில் செதில் இல்லை என்று கண்டுபிடித்தவள் நாச்சாத்தாள். எல்லாரும் அங்கேயே கடிக்க, கொஞ்ச நேரத்தில் பூதம் பந்தாகச் சுருண்டு சரிவில் உருண்டது. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்க, ஓடைவரை அதைத் துரத்தினார்கள்.

சட்டத்தை மீறியவளை என்ன செய்வது என்று தளபதி கேட்டாள். ராணி இறங்கி வந்து, பூவாத்தாளின் முகத்தோடு முகம் வைத்து முகர்ந்தாள். பலமாகத் தும்மினாள்.

"போகிற வரிசைக்குப் பக்கத்தில் வருகிற வரிசையும் இருக்கட்டும்," என்றாள்.

அன்றைக்குத் தொடங்கிய பழக்கம்தான், இன்றும் எறும்புகள் போகவும் வரவுமாக நடக்கின்றன. எதிரே வருகிறவளை நிறுத்தி, முகத்தைத் தொட்டு, முன்னே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் கடக்கின்றன. சர்க்கரை டப்பாவுக்குப் போகிற அவசரத்திலும்.