யானை மறித்த ஆறு

மேல்காடு, நடுக்காடு, கீழ்க்காடு என்று மூன்று காடுகள். மூன்றுக்கும் ஒரே ஆறுதான். தண்ணீருக்காக ஓயாமல் சண்டை நடந்ததால், எல்லா விலங்குகளும் கூடிப் பொதுச்சபை ஒன்றை அமைத்தன. "ஆற்றை யாரும் தமக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது" என்பது அதன் முதல் சட்டம்.

சபைக்கு மதிப்பு வேண்டுமே! மேல்காட்டு யானை வேழமல்லனும் நடுக்காட்டுப் புலி வரியனும் தம் பெயரைத் தந்து அதன் புரவலர்கள் ஆயின. தொடக்க விழாவில் வேழமல்லன் பிளிறிய பிளிறலில் காடே அதிர்ந்தது.

கோடை வந்தது. யானைக் கன்றுகள் குளிக்க ஆழம் போதவில்லை. வேழமல்லன் மரங்களைச் சாய்த்து ஆற்றை மறித்தது. மேல்காட்டில் மடு நிரம்பியது. கீழ்க்காட்டில் மீன்கள் சேற்றில் துடித்தன.

கீழ்க்காட்டு நீர்நாய் கயலி, சபைத் தலைவர் நரியிடம் ஓடி வந்தது.

"ஐயா, ஆற்றை மறித்துவிட்டார்கள்!"

"யார்?"

"வேழமல்லன்!"

நரி சுற்றுமுற்றும் பார்த்தது. "அடி பைத்தியமே! அவர் நம் புரவலர். அவரைப் போய்க் கேட்க முடியுமா?"

"என் குட்டிகளுக்கு நாக்கு வறண்டுவிட்டது. நீங்கள் கேட்காவிட்டால் நான் கேட்கிறேன்!"

கயலி மேல்காட்டுக்கு ஏறிச் சென்று யானையின் எதிரே நின்றது. நிமிர்ந்து பார்த்துக் கேட்டது.

"ஐயா, சட்டம் எல்லாருக்குமா? எளியவர்களுக்கு மட்டுமா?"

"மிதித்துவிடுவோம், ஓடிப் போ!" என்று கூட்டத்து யானைகள் சீறின.

வேழமல்லனுக்கும் கோபம் பொங்கியது. ஆனால் குனிந்து பார்த்தது. நீரிலேயே வாழும் அந்தச் சிறு உடல் காய்ந்து, அதன் மேல் ஒட்டிய சேறு வெடித்திருந்தது. யானை வெட்கித் தலைகுனிந்தது.

"கன்றுகளே, கரையேறுங்கள்!"

"அப்பா, இது நம் மடு!"

"இல்லை! இது எல்லாருடைய ஆறு!"

தானே முட்டி மோதி மரங்களைத் தள்ளியது. தண்ணீர் இரைந்து பாய்ந்தது!

நடுக்காட்டில் கொஞ்சம் நீர் எஞ்சியிருந்த ஒரு துறையை வளைத்துக்கொண்டு, யாரையும் அண்டவிடாமல் படுத்திருந்தது புலி. மிதந்து வந்த மரங்களைக் கண்டு திகைத்தது.

"யானையே சட்டத்துக்குக் கட்டுப்பட்டுவிட்டது!" என்று கத்திக்கொண்டே பறந்தது கொக்கு.

"யானையேவா? அப்படியென்றால் எனக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?" என்று புலியும் எழுந்து வழிவிட்டது. மான்கள் துள்ளி ஓடிவந்து குடித்தன.

பொழுது சாய்வதற்குள் வெள்ளம் கீழ்க்காட்டை எட்டியது. கயலியின் குட்டிகள் தொப்பென்று நீரில் குதித்தன. மூன்று காடுகளும் ஒரே குரலில் ஆர்ப்பரித்தன!

பெரியவர்கள் தம் பெயரைத் தருவதால் பொதுச்சட்டம் வலுப்பெறுவதில்லை. தாமே அதற்குப் பணியும்போதுதான் வலுப்பெறும்.