பாறைக்குழித் தேன் கூடானது

தேனீக்கள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில் அவற்றுக்குக் கூடு என்று ஒன்று கிடையாது. மலையிடுக்கில் ஒரு பாறைக்குழி இருந்தது. தேனீ நாட்டார் எல்லோரும் தேடிக் கொண்டுவரும் தேன் அதில்தான் சேரும். அந்தப் பொதுக்குழிக்குக் காவல், கருஞ்சிறகி என்ற தேனீ. குழி தளும்பி நிற்பதைப் பார்த்தால் அவளுக்குத் தலைகால் புரியாது. இந்த மலையில் நம்மைவிடப் பெரிய நாடு உண்டா என்று போகிற வருகிற வண்டுகளிடமெல்லாம் மார்தட்டுவாள்.

நாடோ தேய்ந்துகொண்டிருந்தது. ராணி இட்ட முட்டைகள் வெறும் பாறையில் கிடந்தன. எறும்புகள் இழுத்துக்கொண்டு போயின. குழிதான் நிரம்பிவிட்டதே, இனி ஊற்றினாலும் வழிந்து மண்ணுக்குத்தானே போகிறது என்று தேனெடுக்கப் போகிறவர்களும் சோம்பி உட்கார்ந்துவிட்டார்கள்.

ராணி ஒன்றைக் கவனித்திருந்தாள். வயிறாரத் தேன் குடித்த இளம் தேனீக்களின் அடிவயிற்றில் மெழுகு செதில் செதிலாகக் கசிந்தது. அதை மென்று சுவர் வைத்தால் பிள்ளைகளுக்கு அறை கட்டிவிடலாம்.

"குழியைத் திறந்து விடு, கருஞ்சிறகி."

கருஞ்சிறகி குழியை மறித்து நின்றாள். "மழை வருதே ஆத்தா. இருக்கறதையும் கொடுத்துட்டா எதைக் குடிச்சு உயிர் பிழைக்கிறது?"

"நிரப்பி வெச்ச தேனைக் குடிக்க ஆளே இல்லாமப் போனா என்ன பண்ணுவ?"

கருஞ்சிறகி வழிவிட்டு விலகினாள்.

வேலைவெட்டி இல்லாமல் ரீங்காரமிட்டுத் திரிந்த ஆண் தேனீக்கள்தான் முதலில் வந்து நின்றன. மெழுகு எங்கே என்று கேட்டு, ஒவ்வொன்றின் அடிவயிற்றையும் திருப்பிப் பார்த்து விரட்டினாள் கருஞ்சிறகி. அதில் மட்டும் அவளை யாராலும் அசைக்க முடியவில்லை.

இளம் தேனீக்கள் குடிக்கக் குடிக்கக் குழி வற்றியது. காய்ந்த பாறையைப் பார்த்து அவள் அழுதே விட்டாள். ஆனால் அவள் தலைக்கு மேலே அறை அறையாகக் கூடு தொங்கியது. அதில் பிள்ளைகள் பிழைத்தன, சிறகு முளைத்து அடுத்த மலைப் பூ வரைக்கும் பறந்தன. கொண்டுவந்ததை வைக்க இடமும் இருந்தது. மழை பிடிப்பதற்குள் பழைய குழி கொள்ளாத அளவுக்குத் தேன் சேர்ந்துவிட்டது.

முன்பு அவள் மார்தட்டியதைக் கேட்ட வண்டு ஒன்று வந்து, தளும்பத் தளும்ப வைத்திருந்தாயே, அதெல்லாம் எங்கே என்று கேலியாகக் கேட்டது.

கருஞ்சிறகி வானத்தைக் காட்டினாள். "அதோ பறக்குது பாரு."

அன்று முதல்தான், தேனீக்கள் புது இடத்துக்குக் குடிபோகும்போது பழைய கூட்டிலிருந்து வயிறு நிறையத் தேன் குடித்துக்கொண்டு போகின்றன. போன இடத்தில் அந்தத் தேனைச் செலவழித்து முதலில் கூட்டைக் கட்டுகின்றன.